கபுத்தோ கோஜியின் சூடான மண்டை: கேள்வி பதில்

ராட்சத ரோபோ ஓட்டும் முன்கோபி நாயகர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'மாஜிங்கர் இசட்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன் கபுத்தோ கோஜியைப் பற்றித்தான். சந்தோஷம். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி எபிசோடான 92ஆவதை முதலில் பார்த்துத் தொலைக்காதீர்கள்.

கே: இந்த ரோபோ பைலட்டுகள் எல்லாரும் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?

ப: எல்லாரும் கத்துவதில்லை. கத்துகிறவர்களுக்கு மூத்த அண்ணன் கோஜி. தொடர் தொடங்கியது 1972 டிசம்பரில். அதற்கு முன் புகழ்பெற்றிருந்த 'தெத்ஸுஜின் 28'இல் சிறுவன் ஷோதாரோ ரிமோட் பெட்டியோடு வெளியே நிற்பான். பெட்டி யார் கையில் இருக்கிறதோ, ரோபோ அவர் பேச்சைக் கேட்கும். பையனுக்குக் கோபமா அழுகையா என்பது அதற்குத் தெரியாது.

மாஜிங்கரை உருவாக்கிய கோ நகாய் ஒருநாள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, தன் காருக்குக் கைகால் முளைத்து முன்னால் நிற்கும் வண்டிகளைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ரோபோ அப்படிப் பிறந்தது. கோஜி, ஹோவர் பில்டர் என்ற சின்ன ஊர்தியில் பறந்து வந்து, 'பில்டர் ஆன்!' என்று கத்தி, 18 மீட்டர் உயர ரோபோவின் உச்சந்தலையில் பொருந்துவான். மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன். அவன் மண்டை சூடானால் 20 டன் உலோகமும் சேர்ந்து சூடாகும். அதுவரை பையனின் குணம் வேறு, ரோபோவின் பலம் வேறு. இங்கே இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஜப்பானியர்கள் இந்தக் குணத்தை 'நெக்கெத்ஸு' என்பார்கள், சூடான ரத்தம். நாம் 'இளரத்தம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

கே: எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

ப: மாஜிங்கர் இசட், அடுத்து கிரேட் மாஜிங்கர் (1974), அடுத்து கிரென்டைசர் (1975). மங்காவின் (அதாவது காமிக்ஸின்) கதை வேறு, டிவி தொடரின் கதை வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

கே: கோஜிக்கு அப்படி என்னதான் கோபம்?

ப: தாத்தா ஜூஸோ ரகசியமாக ரோபோவைக் கட்டி முடிக்கிறார். வில்லன் டாக்டர் ஹெல்லின் ஆட்கள் தாக்கி அவர் சாகும் நேரத்தில் பேரனிடம் அதை ஒப்படைக்கிறார். இதை வைத்து நீ கடவுளாகவும் ஆகலாம், பிசாசாகவும் ஆகலாம் என்கிறார். ஜப்பானிய மொழியில் 'மாஜின்' என்ற சொல்லுக்குள்ளேயே பேயும் இருக்கிறது, தெய்வமும் இருக்கிறது. துக்கம் ஆறவில்லை, ஓட்டவும் தெரியாது, ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். ரோபோ தறிகெட்டு ஆடுகிறது. என்னைக் கேட்டால் முழுத் தொடரும் அந்த ஒரு காட்சியில் அடக்கம்.

கோபம்தான் அவன் வீரம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தக் கோபத்துக்குக் கதை அவனிடம் விலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. மாஜிங்கருக்கு முதலில் பறக்கவே தெரியாது. ஜெட் ஸ்க்ராண்டர் என்ற சிவப்பு இறக்கை 34ஆவது எபிசோடில்தான் வருகிறது. அதுவரை வானத்தில் பறக்கும் எதிரியைத் தரையில் நின்றபடி முறைத்துக்கொண்டு போராட வேண்டியதுதான்.

கே: கோஜி பழங்கதை. 1979இல் 'கன்டம்' ரோபோத் தொடரின் நாயகன் அமுரோ வந்ததும் முன்கோபி பைலட்டுகளின் காலம் முடிந்துவிட்டது.

ப: கேள்வி எங்கே? சரி, இருந்தாலும் சொல்கிறேன். அமுரோ என்ன புத்தரா? கப்பல் தலைவன் பிரைட் அறைந்ததும், அப்பாகூட என்னை அடித்ததில்லை என்று கத்தினவன். பிறகு ரோபோவையே எடுத்துக்கொண்டு கப்பலைவிட்டு ஓடினவன்.

கே: (அதே நண்பர்) அது வேறு. அவன் பயந்த பையன். கோஜி மாதிரி அலட்டல் இல்லை.

ப: பயந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலம் முடிந்தது என்றீர்களே, அதை விடமாட்டேன். அந்த முதல் தொடரே பார்வையாளர் குறைவால் 43 எபிசோடோடு சுருக்கப்பட்டது. பெயர் வந்தது பிறகுதான். அப்புறம் 1994இல் அதே கன்டம் பெயரில் வந்த 'ஜி கன்டம்' நாயகன் டோமோன் யார்? கை பளபளக்க எதிரியின் ரோபோத் தலையைப் பிடித்து நசுக்கும் அசல் முன்கோபி. இயக்குநர் இமகாவா யசுஹிரோ. அவரே 2009இல் மாஜிங்கரையும் புதிதாக எடுத்தார். 2007இல் வந்த 'குரென் லகன்' ரோபோத் தொடரின் காமினாவைப் பார்த்தீர்களா? எங்கே முடிந்தது காலம்?

கே: (அதே நண்பர்) டோமோனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ப: ஏன், கன்டம் இல்லையா? தலைப்பிலேயே இருக்கிறதே!

கே: கோஜி, கிரேட் மாஜிங்கரின் தெத்ஸுயா, இருவரில் யார் பெரிய கோபக்காரர்?

ப: நல்ல கேள்வி. கோஜியின் கோபம் வைக்கோல் தீ. தோழி சயாகாவோடு காலையில் சண்டை போடுவான், சாயங்காலம் மறந்துவிடுவான். தெத்ஸுயா அனாதை, சண்டைக்கென்றே பயிற்சி பெற்றவன். தன்னை வளர்த்தவரின் சொந்த மகன் கோஜி என்பது அவனுக்குள் உமித்தீயாகக் கிடந்து கனலும். அது என்ன செய்தது என்பதை கிரேட் மாஜிங்கரின் கடைசி எபிசோடுகளில் பாருங்கள். ஆமாம், கடைசியில். நேராக அங்கே தாவாதீர்கள்.

கே: எந்த வரிசையில் பார்ப்பது?

ப: மேலே இருக்கிறது.

கே: பழைய மாஜிங்கர் உலோகப் பொம்மை ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: சேகரிப்பாளர்களைக் கேளுங்கள், விலை எனக்குத் துறையில்லை. பாப்பி நிறுவனம் 1974இல் தொடங்கிய அந்த வரிசைக்கு 'சோகோகின்' என்ற பெயர் கதையிலிருந்துதான் வந்தது. மாஜிங்கரின் உடம்பு அந்த அதிசய உலோகக் கலவைதான்.

கே: கோஜியின் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

ப: இஷிமாரு ஹிரோயா. ஜாக்கி சான் படங்களுக்கு ஜப்பானில் பல ஆண்டுகள் டப்பிங் கொடுத்தவர்.

கே: 2018இல் ஜப்பானில் வெளிவந்த 'இன்ஃபினிட்டி' படத்திலிருந்து தொடங்கலாமா? வரிசை குழப்பமாக இருக்கிறது.

ப: கூடாது! அதில் கோஜி வளர்ந்து, தாத்தா வழியில் ஆராய்ச்சியாளராகி, நிதானமாகப் பேசுகிறான். அவன் எவ்வளவு அவசரக்காரனாக இருந்தான் என்று தெரியாமல் அந்த நிதானத்தைப் பார்த்து என்ன பயன்?

கே: (அமுரோ நண்பர்) அப்போ கோஜியும் கடைசியில் அமுரோ மாதிரி ஆகிவிட்டான் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ப: இல்லை. அந்தப் படத்திலும் கடைசியில் ஏறித்தான் உட்காருகிறான். கத்தவும் செய்கிறான்.