மதுரையில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்கியதும் வெளியூர்ப் பயணம் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மதுரையைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை, இருட்டிய பிறகு எங்கே போவது என்ற ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு மட்டும் மதுரையில் தங்குகிறோம். எழுபது வயதான மாமியாருக்குக் கோயில் வேண்டும். கணவருக்குப் பரோட்டா வேண்டும். பத்து வயதிலும் ஆறு வயதிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் வேண்டும். எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

அப்படி ஓர் இடம் மதுரையில் கிடையாது, அம்மா. நேரத்தைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் மூன்றையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம். இங்கே வருகிறவர்கள் எங்கே போவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எத்தனை மணிக்கு என்பதைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்; பிறகு, நடை சாத்திய கோயிலின் முன்னாலும் இன்னும் மாவே பிசையாத கடையின் முன்னாலும் போய் நிற்கிறார்கள். இந்த ஊரில் ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று ஒரு பொழுது உண்டு.

பிள்ளைகளின் முறையை முதலில் முடித்துவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுங்கள். திருமலை நாயக்கர் தம் அரண்மனைக்காக மண் எடுத்த பள்ளமே பிறகு குளமானது என்று ஊரில் சொல்வார்கள். நடுவில் மைய மண்டபமும் நான்கு பக்கமும் கருங்கல் சுவரும் இருப்பதால், பிள்ளைகள் ஓடினாலும் கண்ணுக்குள்ளேயே இருப்பார்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் காற்று குளிர்ந்து வரும். இல்லாத மாதங்களிலும் வடைக்கும் சுண்டலுக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் குறைவிருக்காது. ஆனால் இரவுச் சாப்பாட்டை அங்கே முடித்துவிடாதீர்கள்.

ஏழரை மணிக்குள் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். சித்திரை வீதிகள் நான்கிலும் வாகனங்களை விடுவதில்லை என்பதால், மாமியார் நடக்க வேண்டிய தூரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அடுத்து வந்த கட்டுப்பாடு அது. செருப்பையும் கைப்பேசியையும் ஒப்படைக்கும் இடங்களில் சனிக்கிழமைக் கூட்டம் கால்மணி நேரத்தையாவது விழுங்கிவிடும். எல்லாரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போய் அதே வாசல் வழியாகத் திரும்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். உள்ளே பிரிந்துவிட்டால் அழைத்துக் கேட்கக் கையில் எதுவும் இருக்காது.

தரிசனம் முடிந்ததும் உடனே வெளியே வந்துவிடாமல் இருப்பதுதான் நான் சொல்லும் யோசனை. நடை சாத்துவதற்கு முன் பள்ளியறைப் பூசை நடக்கும். சுந்தரேசுவரரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, அவருடைய சன்னதியிலிருந்து அம்மன் சன்னதியிலுள்ள பள்ளியறைக்குக் கொண்டுசெல்வார்கள். பகலெல்லாம் தள்ளுமுள்ளாக இருந்த பிராகாரத்தில் அப்போது கூட்டம் மெலிந்து, நாதசுரமும் தவிலும் தூணுக்குத் தூண் எதிரொலிக்க, சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து பல்லக்கு வருவதை ஓரமாக நின்று பார்க்க முடியும். ஏறத்தாழ ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் பூசை இது. திருவிழா நாள்களில் நேரம் மாறும் என்பதால், உள்ளே நுழையும்போதே ஊழியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் மாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகும் பேசிக்கொண்டிருக்கப் போவது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கணவரின் முறை. பத்து மணிக்குப் பரோட்டாக் கடைகள் உச்சத்தில் இருக்கும். மாமியாரையும் தூக்கம் சொக்கும் பிள்ளைகளையும் இட்லி வாங்கிக் கொடுத்து விடுதியில் விட்டுவிட்டு, நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள். பன் பரோட்டாவை விரும்பினால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெய் மினுங்கும் உருண்டையை வீசி, விசிறி மடிப்பாக்கிச் சுருட்டி, அதிகம் தட்டாமல் தடிமனாகவே கல்லில் போட்டு எடுப்பார்கள். பிறகு நாலைந்தை அடுக்கி இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அடிக்கிற அடியில்தான் இதழ் இதழாகப் பிரியும். அந்தச் சூட்டோடு இலையில் விழுந்ததும் சால்னாவை ஊற்றிவிடுவார்கள். தனியாக வேண்டும் என்றால் முன்பே சொல்ல வேண்டும். கறி தோசைதான் வேண்டும் என்று அவர் சொன்னால் சிம்மக்கல் பக்கம் போகலாம். தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி என மூன்று அடுக்கு. ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டாலே போதும்.

திருமலை நாயக்கர் மகாலின் ஒலி–ஒளிக் காட்சியைச் சேர்க்காமல் விட்டது வேண்டுமென்றேதான். பராமரிப்பு வேலைகளுக்காக அது நிறுத்தப்படுவதும் உண்டு. நடக்கிறதா என்று அன்று காலையிலேயே விசாரித்துக்கொண்டு போகலாம். எப்படியும் ஒரே இரவில் அதையும் பள்ளியறைப் பூசையையும் பார்க்க நினைத்தால் இரண்டுக்கும் மூச்சிரைக்க ஓட வேண்டியிருக்கும்.

மதுரை உண்மையிலேயே தூங்கா நகரம்தானா? சென்ற ஆண்டு இரவு ஒன்றரை மணிக்கு வந்து இறங்கிய எனக்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்கவில்லை.
– வாசகர், சென்னை

நீங்கள் ஏமாந்த அந்த நேரத்தைப் பற்றிச் சங்கப் புலவர் ஒருவர் முன்பே எச்சரித்திருக்கிறார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை முன்னிறுத்தி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில், பகல் கடைவீதியான நாளங்காடியும் இரவுக் கடைவீதியான அல்லங்காடியும் வருகின்றன என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே பாட்டு இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் யாமத்தின் ஆரவாரம் அடங்கியதும், அடையும் மோதகமும் விற்கிற கூவியர், விற்ற இடத்திலேயே பண்டங்களுடன் உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார்கள். அடுத்த யாமத்தில் வீதி திருடர்களுக்கும் அவர்களைப் பிடிக்க விழித்திருக்கும் ஊர்க்காவலர்களுக்கும் உரியதாகிவிடுகிறது. அதன் பிறகே விடியலின் சந்தடி. ஆக, அன்றைய மதுரையிலும் பலகாரக் கடைக்காரர் நடு இரவில் கண்ணயர்ந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்து இறங்கியிருக்கிறீர்கள்.

பிற்காலத்தில் இந்தப் பெயர் நிலைத்ததில் ஆலைகளுக்கும் சந்தைகளுக்கும் பங்கு உண்டு. 1892இல் தொடங்கிய ஹார்வி மில்லில் வேலை முறை மாறும் நேரங்களில் வெளியே வரும் தொழிலாளர்களுக்காக அடுப்புகள் எரிந்தன. காய்கறியும் பழமும் ஏற்றி வரும் லாரிகளுக்காகத் தேநீர்க் கடைகள் விழித்திருந்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது உண்மைதான். ஆயினும் நான்கு பேரை வைத்து நடத்தும் தெருவோரக் கடைக்காரருக்கு அந்த ஆணையில் இடமில்லை. ரோந்து வண்டியின் விளக்கு தெருமுனையில் தெரிந்ததும் அவர் அடுப்பைத் தணித்துவிடுவார்.

அடுத்த முறை நள்ளிரவுக்கு மேல் வந்தால் ஊருக்குள் சுற்றாமல் மாட்டுத்தாவணியிலேயே இருந்துவிடுங்கள். பேருந்து நிலையமும் அதை ஒட்டிய சந்தைகளும் ஓய்வதில்லை. அதிகாலையில் அங்கே பூச்சந்தை கூடும்போது ஒருமுறையாவது உள்ளே நடந்து பாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, ஈரச் சாக்கு மூட்டைகளில் இன்னும் விரியாத மொட்டாகவே வந்து இறங்கும். முகூர்த்த நாளாக இருந்தால் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கிலோ விலை மாறிவிடும். சந்தை வாசலில் தள்ளுவண்டிக்காரர் பருத்திப்பால் வைத்திருந்தால் அதையே காலை உணவாகக் கொள்ளலாம். பருத்திவிதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுவது அது. இரவுப் பயணத்தின் அலுப்புக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

நாங்கள் மதுரையில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள். மாதம் ஒருமுறையாவது வேலை முடிந்து இரவு வெளியே சென்று நிதானமாகப் பேசிச் சாப்பிட விரும்புகிறோம். எல்லாரும் புகழும் கடைகளில் எங்களுக்கு உட்காரவே பிடிக்கவில்லை. குறை எங்களிடமா?
– வாசகி, மதுரை

குறை உங்களிடம் இல்லை. இரவுக் கடைகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்து, பெரும்பாலும் ஆண்கள். நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போகிறவர்கள். ஒருமுறை என் அண்ணியுடன் பெயர் பெற்ற ஒரு கடைக்குப் போயிருந்தேன். பெண்கள் வந்தால் 'ஃபேமிலி ரூம்' என்று சொல்லி, அடுப்படியை ஒட்டிய ஒரு தடுப்புக்குள் எங்களை உட்கார வைத்தார்கள். காற்றாடி இல்லை, முக்கால் மணி நேரம் கழித்து வந்த பரிமாறுபவர் பரோட்டா தீர்ந்துவிட்டது என்றார். வெளியே கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருந்தது தடுப்புக்கு மேலாக எங்களுக்குத் தெரிந்தது. அண்ணி அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் வந்ததே இல்லை.

ஆகவே கடையின் புகழை விட்டுவிட்டு வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கூடம் தெருவிலிருந்து தெரிகிறதா, சுத்தமான கழிப்பறை இருக்கிறதா, வாசலிலேயே ஆட்டோ கிடைக்கிறதா. கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் சாலைப் பகுதிகளில் இவை மூன்றும் பொருந்தும் உணவகங்கள் உண்டு. பழைய நகருக்குள் குறைவு. சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் கிழமைகளில் மேசையிலிருந்து எழுப்ப யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். சாப்பிடுவதற்கு முன் பேச வேண்டுமானால் சித்திரை வீதிதான் என் தேர்வு. வண்டிச் சத்தம் இல்லை, குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், காவலர்களும் இருக்கிறார்கள். கோபுர விளக்கொளியில் எட்டு மணி முதல் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நகரத்தில் காசு கொடுக்காமல் பெண்கள் இரவில் உட்காரக்கூடிய இடம் இது ஒன்றுதான் இருக்கிறது என்பது மாநகராட்சி யோசிக்க வேண்டிய விஷயம்.

உண்மையான ஜிகர்தண்டா எந்தக் கடையில் கிடைக்கும்?
– வாசகர், புதுச்சேரி

விளக்குத்தூண் பக்கம் போங்கள். அங்கே எந்தக் கடை முதலில் வந்தது என்ற வழக்கில் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பனிக்கூழ் ஆகியவை இருக்க வேண்டும். பிசின் கண்ணாடித் துண்டு போல நழுவ வேண்டும்; பால் வெள்ளை வெளேரென்று இல்லாமல் பழுப்பேறி இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்காமல், கடைவீதியில் அலைந்து களைத்த ஏழு மணிக்குக் குடியுங்கள். அந்த விளக்குத்தூணையும் ஒரு நிமிடம் பாருங்கள்: ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கியதன் நினைவாக நட்ட விளக்கு அது.

நண்பர்கள் ஐந்து பேர். பாட்டு, ஆட்டம் என்று விடிய விடிய இருக்க மதுரையில் இடம் உண்டா?
– வாசகர், திருப்பூர்

பெங்களூரை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால் பெங்களூருக்கே போய்விடுங்கள். டாஸ்மாக் கடைகள் இரவு பத்து மணிக்கு மூடப்படும். நட்சத்திர விடுதிகளின் மதுக்கூடங்களுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

விடிய விடிய ஆட்டமும் பாட்டும்தான் வேண்டும் என்றால் சித்திரைத் திருவிழாவுக்கு வாருங்கள். சித்திரா பௌர்ணமிக்கு முந்தைய நாள், அழகர்கோயிலிலிருந்து வரும் கள்ளழகரை நகர எல்லையில் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. அன்றிரவு தல்லாகுளம் முழுவதும் ஆட்கள் விழித்திருப்பார்கள். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அங்கே சூடிக்கொண்டு, பொழுது விடியும் நேரத்தில் தங்கக் குதிரை வாகனத்தில் அழகர் வைகையில் இறங்குவார். ஆனால் ஆற்றுக்குள் முண்டியடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022இல் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். எதிர்சேவைக்குப் போங்கள், அல்லது ஆற்றில் இறங்கியதற்கு மறுநாள் இரவு இராமராயர் மண்டபத்தில் நடக்கும் தசாவதாரத்துக்குப் போங்கள். ஓர் அவதாரம் முடிந்து திரை விழுந்ததும், அடுத்த அலங்காரம் முடியும் வரை கூட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்திருக்கும். பாய் கொண்டுவந்தவர்கள் படுத்துவிடுவார்கள். திரை விலகியதும் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பிவிடுவார். ஐவரும் ஆளுக்கொரு போர்வையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுவந்தால் போதும். அறையை மட்டும் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.