காட்பாதரும் சவப்பெட்டிக் கடனும்

அன்புள்ள ஐயா,

தீபாவளி விடுமுறையில் அண்ணன் மகன்களோடு 'காட்பாதர்' பார்த்தேன். குடும்பத்துக்காக எதையும் செய்கிறான் கும்பல் தலைவரின் மகன் மைக்கேல் என்று பையன்களுக்கு ஒரே புல்லரிப்பு. எங்கள் பக்கம் காரில் மார்லன் பிராண்டோ படத்தை ஒட்டிக்கொண்டு திரிகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கும் படம் பிடித்துவிட்டது, அதுதான் உறுத்துகிறது. இது குண்டர் கும்பலுக்குக் கொடி பிடிக்கும் படமா?

க., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள க.,

பையன்களை முதல் காட்சிக்கு மட்டும் மறுபடி உட்கார வையுங்கள். சவ அடக்கத் தொழில் செய்யும் பொனசேரா, மைக்கேலின் அப்பாவான கும்பல் தலைவர் டான் (மார்லன் பிராண்டோ) முன்னால் நிற்கிறார். மகளை அடித்து முகத்தை உடைத்த இரண்டு பேர் மேல் முதலில் போலீசில்தான் புகார் கொடுத்தார். நீதிபதி தண்டனையை நிறுத்தி வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இதுவரைக்கும் நம் தோட்டத்துக் கதைதான். பொனசேரா பணம் தருகிறேன் என்கிறார், டான் சீண்டுவதில்லை. 'காட்பாதர்' என்று கூப்பிட்டுக் கையில் முத்தமிட்ட பிறகுதான் காரியம் நடக்கிறது. என்றைக்காவது ஓர் உதவி கேட்பேன், கேட்காமலும் போகலாம் என்கிறார் டான். (அந்தக் காட்சியில் டானின் மடியில் இருப்பது ஸ்டூடியோவில் திரிந்த பூனை. அது போட்ட சத்தத்தில் பிராண்டோவின் வசனமே அமுங்கிப்போனதாம்.)

எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை, காலி செய்து டவுன் ஓரப் புறம்போக்கில் பலகை வீடு கட்டியவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இறந்த அன்று பெட்டி வாங்கக் காசில்லை. ஓர் 'அண்ணன்' வந்தார். பெட்டி, வேன், கூடாரம், நாற்காலி எல்லாம் வந்தது. கணக்கே கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஓர் இரவில் அந்த வீட்டு மூத்த பையனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன் விட்டீர்கள் என்று என் அம்மா கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்னார்: "அப்பாவ எடுத்துப் போட்டவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?"

சரி, குடும்பம் என்கிறீர்கள். தங்கை பிள்ளைக்கு ஞானத்தந்தையாக, அதாவது காட்பாதராக, நின்ற அதே நாளில் அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கொல்ல வைக்கிறான் மைக்கேல். 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கூடப்பிறந்த அண்ணனையே. குடும்பத்தின் பேரைச் சொல்லிச் சொல்லியே வீட்டு ஆட்களைக் குறைத்துக்கொண்டு போகிறவன் அவன். இயக்குநர் கொப்போலா இதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த இசையும் இருட்டும் அவ்வளவு அழகு. பையன்களுக்கு அழகுதான் கண்ணில் படும். அந்தப் பழியிலிருந்து படத்தை நான் காப்பாற்ற மாட்டேன்.

அப்புறம் ஒன்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' (2015) கிடைத்தால் போட்டுக் காட்டுங்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த தொண்ணூறுகளின் குடும்பம், கும்பல்காரர்களைப் பார்த்து மயங்கும் ஒரு சிறுவன். அதில் கோட்டு சூட்டு கிடையாது, பேச்சும் நம் தெருப் பேச்சு. பையன்கள் சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பிப்பார்கள்.