கேஸ் ஷீட் நகல் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டா? நர்ஸ், டாக்டர்களுக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு?

உங்கள் அம்மாவுக்கு இங்கே பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. கேஸ் ஷீட் நகல் கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, அதுவே போதும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் பதினாறு வருடமாக வார்டு நர்ஸ். நேராகச் சொல்கிறேன்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தர மறுப்பதுதான் தவறு.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள்தான் இதற்கு அடிப்படை. உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பத்திரப்படுத்த வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது இரண்டு பக்கச் சுருக்கம். எந்த மருந்தை எத்தனை மணிக்குப் போட்டோம், பிரஷர் எப்போது இறங்கியது, டியூட்டி டாக்டரை எப்போது கூப்பிட்டோம், அவர் எப்போது வந்தார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்.

வாயால் கேட்காதீர்கள். அம்மா பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி போட்டு, "முழு கேஸ் ஷீட், நர்ஸிங் குறிப்புகள், கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்), ஆபரேஷன் குறிப்பு, அனஸ்தீசியா (மயக்க மருந்து) குறிப்பு" என்று தனித்தனியாக எழுதுங்கள். அம்மா கையெழுத்தோடு இரண்டு பிரதி. ஒன்றை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதி, நேரத்தோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கன்சென்ட் ஃபார்ம். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

சில வருடம் முன்பு, நான் வேலை பார்த்த இடத்துக்கு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா வந்தார். பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபார்மையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் ஆங்கிலம், அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். "என்னம்மா எழுதியிருக்கு?" என்றார். "ஆபரேஷனுக்குச் சம்மதம்னு போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். கையெழுத்துப் போட்டார். சாட்சி இடத்தில் நான் போட்டேன்.

மறுநாள் துளை வழியாக ஆரம்பித்த ஆபரேஷனை வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டி வந்தது. அப்படி ஆகலாம் என்று ஃபார்மில் இருந்தது. டாக்டர் மேல் தப்பு இல்லை, அவர் முடிவு சரியானது. ஆனால் மயக்கம் தெளிந்து அத்தனை பெரிய கட்டைப் பார்த்த அந்த அம்மா என் கையைப் பிடித்து, "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

விளக்கிச் சொல்வது டாக்டரின் கடமை. ஆனால் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து, டாக்டர் வந்து நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லி முடிக்காமல் நான் சாட்சி போடுவதில்லை. நீங்களும் கேளுங்கள்: என்ன செய்யப்போகிறீர்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா?

2008இல் தில்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு என்று வந்த பெண் மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்தால் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்குப் பதில் தாய் சம்மதம் கொடுத்தது செல்லாது என்றது தீர்ப்பு.

எங்கள் பொறுப்பு என்றால், நர்ஸ் தவறு செய்தாலும் மருத்துவமனை ஈடு கட்ட வேண்டும். தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்கு மட்டுமல்ல, பெற்றோரின் மன வேதனைக்கும் இழப்பீட்டை உறுதி செய்தது. பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவேன். வைட்னர் கூடவே கூடாது. உங்கள் நகலில் அப்படிப் பூசிய இடம் தெரிந்தால் மூலப் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள்.

72 மணி நேரம் தாண்டியும் தரவில்லை என்றால் கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் டாக்டர் மேல் புகார் கொடுக்கலாம். சிகிச்சையிலேயே குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை மேல் மட்டும் அங்கே போக முடியாது. போலீஸ் கேஸ் வேறு விஷயம். அதற்கு மிகப் பெரிய அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்று 2005இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. முடிவு மோசமாகிவிட்டது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது.

கோபத்தில் வார்டில் இருக்கும் நர்ஸ் மேல் மட்டும் பாயாதீர்கள். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்க 2009இலிருந்து கர்நாடகத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. அதைவிட, உங்களுக்கு வேண்டிய தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லப்போகிறவளும் அவள்தான்.

அந்தப் பூக்கார அம்மாவுக்கு நானே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நகல் வந்தது. வீட்டு வாசலில் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "முதல்ல அந்தக் கையெழுத்துப் போட்ட தாளைப் படி" என்றார். படித்துத் தமிழில் சொன்னேன், ஒரு வரி விடாமல்.