மஞ்சள் பின்னுக்குப் புது டிவியில் இடம் எங்கே?

கேள்வி: 1996 வாக்கில் அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் பரணில் கிடைத்தது. கேசட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இப்போது வீட்டில் இருக்கும் 43 இன்ச் எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் கண்ணில் படுகிறது, கேமின் மஞ்சள் ஏவி பின்னைச் செருக இடமே இல்லை. ஆன்லைனில் ஏவி, எச்டிஎம்ஐ இரண்டும் எழுதியிருந்த ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். படமே வரவில்லை. விற்றவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். இதைவிட நல்ல பெட்டி வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இன்னொரு பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கையில் இருக்கும் பெட்டியில் எது உள்ளே, எது வெளியே என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே நிறத்தில் இரண்டு வகைப் பெட்டிகள் விற்கின்றன. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது ஒன்று. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது, அதாவது புதுக் கருவியைப் பழைய டிவியில் மாட்டுவதற்கானது, இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. சரியான வகைதான் என்றால், அதற்கு யுஎஸ்பி வழியாகத் தனியாகக் கரண்ட் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அடாப்டர். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேமின் நகல்கள். இந்த வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் அடாப்டர்தான். பின்னின் நடுப்பகுதி பெரும்பாலும் மைனஸாக இருக்கும். வைஃபை ரூட்டர் அடாப்டரோ பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் பொருந்துகிறதே என்று அதைச் செருகினால் முப்பது வருஷம் தாங்கிய பொருள் ஒரு நொடியில் போய்விடும். கருவியில் பிளஸ், மைனஸ் படம் போட்டிருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

இனி டிவி. எச்டிஎம்ஐ மட்டும்தான் என்கிறீர்கள். பக்கவாட்டில் ஹெட்போன் துளை போல இன்னொன்று இருந்து, அருகில் ஏவி என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் பெட்டியே தேவையில்லை. ஒரு முனையில் நான்கு பட்டை உள்ள 3.5 மில்லிமீட்டர் பின்னும், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பும் உள்ள வயர் போதும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால், மஞ்சள் பின்னைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த டிவி மாடலுக்கான வயரையே கேட்டு வாங்குங்கள். சில டிவிகளில் காம்பொனென்ட் எனும் பச்சை, நீலம், சிவப்புத் துளைகளில் பச்சையே மஞ்சளுக்கும் சேர்த்து இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆன்டெனா துளை இருக்கிறது. கேமை ஓடவிட்டபடி அனலாக் சேனல் தேடச் சொல்லுங்கள். படம் புள்ளி புள்ளியாக வரும், அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்த பிறகு, பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான் என்று தோன்றலாம். கோளாறு கருவியில் இல்லை. பழைய டிவி ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த முறையும் வந்து ஒரு படமாகச் சேரும். இந்த கேமோ ஒவ்வொரு முறையும் 240 வரியில் முழுப் படத்தையே அனுப்புகிறது. புது டிவி அதைப் பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு அடுத்ததோடு சேர்க்கப் பார்க்கிறது. நேரமும் போகிறது, அடிபட்டு மின்னும் உருவங்களும் சிதைகின்றன. விலை குறைந்த பெட்டிகளும் இதையேதான் செய்கின்றன. டிவியில் கேம் மோடைப் போட்டால் தாமதம் குறையும், படத்தை 4:3 ஆக்கினால் அகலமாக இழுபட்டுத் தெரியாது. அதுவும் போதாது என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற பெட்டிகள் இந்த 240 வரிக்காகவே செய்யப்பட்டவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆயிரக்கணக்கில் ஆகும். பலரும் பரிந்துரைக்கும் ஓஎஸ்எஸ்சி என்ற பெட்டி உங்களுக்கு ஆகாது, அதில் மஞ்சள் பின்னுக்கு வழியில்லை.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ என்று சொல்லி மற்றதை அனுப்பியிருந்தாலோ, பெட்டி பழுதாக இருந்தாலோ, 2020-ன் மின்வணிக விதிகளின்படி விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நீங்களே மாற்றி ஆர்டர் செய்திருந்தால், அந்தத் தளம் தரும் ரிட்டர்ன் வசதி மட்டும்தான் கைகொடுக்கும்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-க்கு காம்பொனென்ட் வயர் வாங்கினேன். படத்தின் நிறமே தப்பாக இருக்கிறது. வயர் டூப்ளிகேட்டா? (வாசகி, மதுரை)

பதில்: வயரைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய மஞ்சள் வயரை மாட்டி, கருவியின் செட்டிங்கில் காம்பொனென்ட் வீடியோ என்ற இடத்தில் ஆர்ஜிபி என்றிருப்பதை ஒய்-சிபி-சிஆர் என்று மாற்றிவிட்டுப் புது வயரைச் செருகுங்கள். மஞ்சள் வயரைவிட எழுத்துகள் நன்றாகத் துலங்கும்.

கேள்வி: டிவி கேமோடு வந்த துப்பாக்கி எதையும் சுடவில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா? (வாசகர், நெல்லை)

பதில்: வேண்டாம், பணம் வீணாகும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி மட்டும் வெள்ளையாகத் தெரியும். பிக்சர் டியூப் அந்த வெள்ளையை வரையும் அதே கணத்தில் துப்பாக்கியின் கண் ஒளியைப் பார்க்க வேண்டும். எல்இடி டிவியில் படம் தாமதமாக வருவதால் குறி தவறுகிறது. சொந்தக்காரர் யாராவது டியூப் டிவியைப் பழைய சாமானுக்குப் போடுவதாகச் சொன்னால் கேட்டு வாங்கி வையுங்கள். அதன் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.