சித்தப்பாவுக்கு வராத அழுகை

கேள்வி: காமெடி நடிகர் ரோபோ சங்கர் இறந்த செய்தி வந்த ராத்திரி அழுதுவிட்டேன் அக்கா. நேரில் பார்த்ததுகூட இல்லை. "உங்க சித்தப்பா செத்தப்பகூட இப்படி அழலையே" என்கிறாள் மனைவி. அப்பா இருந்தவரை, டிவியில் அவர் வந்து சிரிக்க வைக்கிற, சிரித்தால் தோற்றுப்போகிற 'சிரிச்சா போச்சு' சுற்று வந்தால் நாங்களும் சிரிக்காமல் உட்காருவோம். சிரித்தவர் டீ போட வேண்டும். அப்பா துண்டை வாயில் திணித்துக்கொள்வார். இப்போது பழைய வீடியோ பார்த்தால் சிரிப்பு வருகிறது, கூடவே குற்ற உணர்ச்சியும். இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடியதை அம்மா திட்ட, அம்மாவோடும் சண்டை. நான்தான் ஓவராகப் போகிறேனா?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, சித்தப்பாவை வருஷத்துக்கு எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? பொங்கலுக்கு ஒரு தடவை, யார் வீட்டுக் கல்யாணத்திலாவது ஒரு தடவை. இவர் வாராவாரம் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து போனவர். (இதை அப்படியே மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள், சித்தி காதுக்குப் போய்விடும்.)

46 சாகிற வயசா? மதுரைக்காரர். ஊர் ஊராக மேடையில் உடம்பெல்லாம் பெயிண்ட் பூசிக்கொண்டு ரோபோ மாதிரி ஆடி, அதையே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டவர். 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது' என்று டிவி நிகழ்ச்சிகளில் பெயர் வாங்கி அப்புறம்தான் சினிமாவில் நிலைத்தார். 2023இல் மஞ்சள் காமாலையில் பாதியாக இளைத்து, தேறியும் வந்தார். தப்பித்துவிட்டார் என்று நினைத்திருந்தோம். 2025 செப்டம்பர் 18இல் போய்விட்டார். 2020 செப்டம்பரில் டிவி காமெடியன் வடிவேல் பாலாஜி போனபோதும் எனக்கு இப்படித்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு 45.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ரோபோ சங்கரைப் பற்றி எழுத ஆரம்பித்து, துண்டும் டீயுமாக அப்பாவிடம் போய்விட்டீர்கள். அன்று அழுதது யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். இரண்டு பேருக்குமே அழுததாக இருக்கட்டும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அந்த மனிதர் உழைத்ததே அதற்குத்தான். ஆஸ்பத்திரி வாசல், ஊர்வலம் என்று ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் தள்ளிக்கொண்டே போவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்த ஆட்டம் பற்றி வியாசர்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடி, மேளம் அடித்து ஆடி அனுப்புகிற பக்கம் உங்களுடையது. ஆம்பளைகள் ஆடினால் யாரும் வாயைத் திறப்பதில்லை. பெண்டாட்டி ஆடினால்தான் உறுத்துகிறது. அவர்கள் வீட்டுத் துக்கம், அவர்கள் ஆடுகிறார்கள், நமக்கென்ன?

ஆனால் அம்மாவோடு சண்டை வேண்டாம். அப்பா போன அன்று அம்மாவை எங்கே உட்கார வைத்தார்கள், என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் கோபம் டிவியில் பார்த்த பெண் மேல் வந்தது இல்லையோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய எபிசோடு ஒன்றைப் போட்டு, மூன்று பேரும் உட்காருங்கள். சட்டம் அப்பா காலத்துச் சட்டம்தான். பால் மட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், முதல் டீ நீங்கள்தான் போடப் போகிறீர்கள்.