திசைகாட்டி போகாத இடம்

வணக்கம் சார்,

எம்51 கேலக்ஸி படத்தின் மேல் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, அதுதான் அதன் காந்தப்புலம் என்று எழுதியிருந்தீர்கள். அது சுமார் 3 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அங்கே திசைகாட்டியை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? சுருள் கைகளைப் பார்த்து அதே போக்கில் கோடு இழுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நியாயமான கேள்விதான். ஆனால் அவை அளந்து போட்ட கோடுகள்.

போலராய்டு கூலிங்கிளாஸ் இருந்தால் லேப்டாப் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும், ஏனென்றால் அந்த ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. ரேடியோ தொலைநோக்கியும் இதே வேலையைச் செய்கிறது. கேலக்ஸிக்குள் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பாயும் எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும்போது ரேடியோ அலை பிறக்கிறது, அது புலத்துக்குக் குறுக்காக அதிரும். அந்தக் கோணத்தை 90 பாகை திருப்பினால் புலம் எந்த வாக்கில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். எம்51-இல் இதை 1972-லேயே நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார்கள்.

சரி, வழியில் இருக்கும் அயனி வாயுவும் புலமும் சேர்ந்து அலையின் தளத்தைத் திருகிவிடுமே? திருகும். அலைநீளம் இரட்டித்தால் திருகல் நான்கு மடங்கு, அதனால் 3 செ.மீ., 6 செ.மீ. என்று வெவ்வேறு அலைநீளங்களில் பார்த்து அதைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வெறும் கோட்டுக்கு அம்புக்குறி கிடையாது, புலம் நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதைச் சொல்வது கழித்துப் போட்ட அந்தத் திருகல்தான். பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவின் வளையம் முழுக்கப் புலம் ஒரே சுற்றாக ஓடுவது அப்படித்தான் தெரியவந்தது.

கைகளைப் பார்த்துக் கோடு இழுத்திருந்தால் என்ஜிசி 6946 என்ற இன்னொரு சுருள் கேலக்ஸியில் கிடைத்தது கிடைத்திருக்காது. 1996-இல் வானியலாளர்கள் ராய்னர் பெக்கும் ஹோர்னஸும் வெளியிட்ட வரைபடத்தில், ஒழுங்கான புலம் வலுவாக இருந்தது விண்மீன்கள் நிறைந்த கைகளுக்கு நடுவே, மங்கலாகத் தெரியும் இடைவெளியில். அங்கே காந்தத்துக்கென்றே தனிக் கைகள்!

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. எம்51 போன்றவற்றின் புலம் பூமியின் புலத்தில் லட்சத்தில் சில பங்குதான் என்கிறோமே, அந்த எண்ணை நேராக அளப்பதில்லை. காந்தப்புலத்திலும் அதிவேகத் துகள்களிலும் ஆற்றல் ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ரேடியோ பிரகாசத்திலிருந்து போடும் கணக்கு அது. அதை என் கட்டுரையில் சொல்லாமல் விட்டது தவறு, இன்று சேர்த்துவிட்டேன்.