பென்டிரைவ்ல எழுத முடியலையா, லினக்ஸ்ல? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: அண்ணா, உபுண்டுல டெர்மினல்ல சூடோ மவுண்ட் போட்டு பென்டிரைவை ஓப்பன் பண்ணேன், படிக்க முடியுது, எழுத முடியல. சிஎச்மாட் 777 குடுத்தேன், எர்ரரே வரல, ஆனா ஒண்ணும் மாறல.

பதில்: எல்லாரும் முதல்ல இந்த 777ல (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுக்கறது) போய்தான் நிக்கிறோம், நானும் நின்னிருக்கேன். எர்ரர் வராததே ஒரு க்ளூ தம்பி, உங்க பென்டிரைவ் ஃபேட்32ங்கிற ஃபைல் சிஸ்டமா (டிரைவ்ல ஃபைலை அடுக்கி வைக்கற முறை) இருக்கும். அதுல ஓனர், பெர்மிஷன்னு எதையும் எழுதி வைக்க இடமே கிடையாது, மவுண்ட் பண்றப்போ (டிரைவை சிஸ்டத்தோட சேக்கறப்போ) யார் பேர்ல பண்றோமோ அவங்கதான் ஓனர், நீங்க சூடோ போட்டதால ரூட், அதாவது அட்மின், ஓனர் ஆயிடுச்சு, சிஎச்மாடை கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) சத்தமில்லாம கண்டுக்காம விட்டுடும். அன்மவுண்ட் பண்ணிட்டு ஃபைல் மேனேஜர்ல க்ளிக் பண்ணுங்க, உங்க பேர்லயே மவுண்ட் ஆகும். டெர்மினல்லதான் பண்ணுவேன்னா மவுண்ட் ஆப்ஷன்ல யூஐடி=1000 சேருங்க (யூஐடிங்கிறது உங்க யூசர் நம்பர், ஐடி கமாண்ட் அடிச்சா தெரியும்).

கேள்வி: என்னோடது இஎக்ஸ்டி4, இப்பதான் ஃபார்மேட் பண்ணேன் சார். அதே பிரச்சனைதான்.

பதில்: அதே பிரச்சனை இல்லைங்க, நேர் எதிர். இஎக்ஸ்டி4 லினக்ஸோட ஃபைல் சிஸ்டம், இதுல ஓனர் யாருன்னு டிரைவுக்குள்ளயே எழுதியிருக்கும், புதுசா ஃபார்மேட் பண்ணதும் பொதுவா ரூட்தான் ஓனர். மவுண்ட் ஆன ஃபோல்டருக்கு ஒரு தடவை சூடோ சிஎச்ஓன் போட்டு ஓனரை உங்க பேருக்கு மாத்துங்க, முடிஞ்சுது. ஆனா உள்ள பதியறது பேர் இல்ல, நம்பர். ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல உங்க நம்பர் 1001ஆ இருந்தா அங்க போய் திரும்ப மக்கர் பண்ணும்.

கேள்வி: நேத்து வரைக்கும் எழுதுச்சு, இன்னிக்கு திடீர்னு ரீட்-ஒன்லினு சொல்லுது.

பதில்: எஜெக்ட் பண்ணாம புடுங்கினீங்களா? டிமெசேஜ் (dmesg) கமாண்டோட கடைசி வரிகளை பாருங்க, கோளாறு கண்டு ரீட்-ஒன்லியா மாத்தினேன்னு கெர்னலே சொல்லியிருக்கும். அன்மவுண்ட் பண்ணி எஃப்எஸ்செக் (fsck, ஃபைல் சிஸ்டம் கோளாறை சரிபண்ற கமாண்ட்) ஓட்டுங்க. விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கா இருந்து விண்டோஸ் மெஷின்ல போட்டிருந்தீங்கன்னா, விண்டோஸ் 8லேர்ந்து வர ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் பெரும்பாலும் வில்லன், ஷட்டவுன்னு சொல்லிட்டு பாதி தூங்கும். ஷிஃப்ட்டை அமுக்கிட்டு ஷட்டவுன் குடுத்தா முழுசா அணையும்.

கேள்வி: உபுண்டு ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) ஏத்தின பென்டிரைவ்ல பாட்டு போட முடியுமா?

பதில்: அந்த பார்ட்டிஷன்ல முடியாது, சிடிக்கு செஞ்ச ஃபைல் சிஸ்டம், எழுதறதுக்கு வழியே கிடையாது. அழிச்சு ஃபார்மேட் பண்ணுங்க.

கேள்வி: 5 ஜிபி வீடியோ மட்டும் போகல, மத்ததெல்லாம் போகுது.

பதில்: இது பெர்மிஷன் பிரச்சனையே இல்ல. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள்ளதான் இருக்கணும். எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணிக்கோங்க, உள்ள இருக்கறதை மொதல்ல வெளிய எடுத்துட்டு.

கேள்வி: நீங்க சொன்ன எல்லாம் பண்ணிட்டேன் அண்ணா, ஃபார்மேட்டே ஆக மாட்டேங்குது.

பதில்: எஸ்டி கார்டு அடாப்டர்னா ஓரத்துல குட்டி லாக் இருக்கும், நகத்தால மேல தள்ளுங்க. அது இல்லாம டிமெசேஜ்ல ரைட் ப்ரொடெக்ட் ஆன்னு வந்தா சிப்பு சாகப்போற நிலைமையில இருக்கலாம், என்கிட்டயே ஒண்ணு அப்படித்தான் போச்சு. படிக்க முடியறப்பவே போட்டோவெல்லாம் காப்பி எடுத்துடுங்க.